உடன், ஒருங்கு, ஒக்க: ஒருசேர நிகழ்தலைக் குறிக்கும் சொற்களின் பொருளும் தோற்றமும்

முன்னுரை

சித்தூர் மாவட்டத்தில், நகரிக்கு அருகே தமிழக எல்லையை ஒட்டி அமைந்த விஜயபுரம் போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் அன்றாட வழக்கில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. இத்தகைய சூழலில் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், 'சான்றிதழ்களை வெண்ட தீசுகுராவாலி' என்னும் பொருள்பட அமைந்த தெலுங்கு அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்க வேண்டியிருப்பதாகக் கொள்வோம். 'வெண்ட' என்பதற்கு 'தம்மோடு கூட' என்பது பொருள். எனவே அவர் 'சான்றிதழ்களை உடன் கொண்டுவருக' என எழுதலாம். மூலத்தில் 'வெண்டனே' என்றிருப்பின் 'தாமதமின்றி' என்று பொருள்படும். அப்போதும் அவர் அலுவலக நடைக்கேற்ப 'சான்றிதழ்களை உடன் கொண்டுவருக' என்றே எழுதக்கூடும். தெலுங்கில் ஓர் ஏகாரத்தால் வேறுபடுத்தப்பட்ட இரு கட்டளைகள் தமிழில் ஒரே தொடராகிவிடுகின்றன. வருபவர் வரும்போது சான்றிதழைக் கையோடு எடுத்துவர வேண்டுமா, அன்றி அக்கணமே கொண்டுவர வேண்டுமா என்பது படிப்பவரின் ஊகத்திற்கு விடப்படுகிறது.

இக்குழப்பம் தற்செயலானதன்று. ஒருசேர நிகழ்தலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் உடன், ஒருங்கு, ஒக்க ஆகிய சொற்களுள் எதுவும் காலத்தைக் குறிக்கும் சொல்லாகத் தோன்றவில்லை. துணை, ஒருமை, ஒப்பு ஆகிய கருத்துகளினின்று அவை காலப்பொருளை எய்தின. தோன்றிய இடத்தின் சாயல் இன்றும் ஒவ்வொன்றிலும் எஞ்சியுள்ளது. அச்சாயலை அறியாமல் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை ஆள்வதனால் பொருள் திரிபு நேர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. வேங்கட எல்லை

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகிறது. அவ்வேங்கடமே இன்றைய திருமலை. திருமலை திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவத்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அதே மலையில், 15ஆம் நூற்றாண்டினரான தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன.

ஆட்சியெல்லைகள் இங்கே பலமுறை மாறியுள்ளன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனுள் அடங்கியது. பின்னர் எச். வி. படாஸ்கரின் பரிந்துரையைத் தழுவி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் சித்தூர் மாவட்டத்தினின்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் மாறினும் இருமொழி வழக்கு நீங்கவில்லை. ஆதலின் தமிழ்ச் சொற்களைத் தெலுங்குச் சொற்களின் அருகில் நிறுத்தி ஆராய்வதற்கு இப்பகுதி பொருத்தமான களமாகிறது.

2. உடன்: துணையிலிருந்து விரைவு

உடன் என்னும் சொல்லின் பழம்பொருள் 'கூட, சேர்ந்து' என்பதாகும். உடன்பிறந்தார், உடன்பாடு, உடன்படிக்கை, உடன்கூட்டம் முதலிய தொகைகளில் இப்பொருள் சிதையாமல் நிற்கிறது. தனிச்சொல்லாக ஏகாரம் பெற்று 'உடனே' என வருங்கால் இன்றைய வழக்கில் 'தாமதமின்றி' என்னும் பொருளே மேலோங்குகிறது.

இப்பொருள் மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் 'உடன்', 'உடனெ' ஆகியவை விரைவுப்பொருளைத் தருகின்றன. துணைப்பொருளோ 'உடப்பிறப்பு' போன்ற தொகைகளில் ஒதுங்கியுள்ளது. கன்னடத்தில் 'ஒடனெ' என்பது பழைய வழக்கில் 'கூட' என்றும் இன்றைய வழக்கில் 'உடனடியாக' என்றும் பொருள்படும். அங்கும் 'ஒடஹுட்டிதவரு' என்னும் சொல் உடன்பிறந்தாரையே குறிக்கிறது. தெலுங்கு இவ்விடத்தில் வேறு சொற்களைக் கையாண்டபோதிலும் அதே வழியில்தான் சென்றுள்ளது. 'தோடு' என்றால் துணை. 'தோடனே' என்றால் உடனே. 'தோபுட்டுவு' என்றால் உடன்பிறப்பு. 'வெண்ட' என்றால் கூட. 'வெண்டனே' என்றால் உடனே. வெவ்வேறு அடிச்சொற்கள் ஒரே பொருட்பாதையில் நடந்திருப்பதால், இதனை ஒலி ஒற்றுமையால் விளைந்ததாகக் கொள்ள இயலாது. ஒரு நிகழ்ச்சியோடு சேர்ந்து வருவது, அதனையடுத்து இடைவெளியின்றி வருவதாக உணரப்படுகிறது. அவ்வுணர்வே விரைவுப்பொருளாக நிலைபெறுகிறது.

உடன் என்பதன் இனச்சொல் தெலுங்கில் அறவே இல்லையென்பதும் பொருந்தாது. தமிழ் 'உடன்படிக்கை', கன்னடம் 'ஒடம்படிகெ', தெலுங்கு 'ஒடம்படிக' ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தைக் குறிக்கின்றன. சேர்ந்து நிற்றல் என்னும் கருத்து இணங்குதலாக விரிந்ததை இச்சொற்கள் காட்டுகின்றன. எல்லை எங்கே அமைய வேண்டுமென வழக்காடிய இரு தரப்பினரும், முடிவில் எட்டும் இணக்கத்திற்கு ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தனர்.

தமிழில் ஏகாரமின்றி வரும் 'உடன்' மட்டும் இரு பொருளையும் ஒருங்கே சுமக்கிறது. 'மனுவுடன் கட்டணம் செலுத்துக' என்பதில் துணைப்பொருள் தெளிவு. பெயரைச் சார்ந்து நிற்பதே காரணம். 'உடன் நடவடிக்கை எடுக்கவும்' என்பதில் விரைவுப்பொருள் தெளிவு. துணையாதற்குரிய பெயர் அங்கில்லை. 'சான்றிதழ்களை உடன் கொண்டுவருக' என்பதிலோ வருபவரே துணைக்குரியவராகக் கொள்ளப்படலாம். ஐயம் பிறக்கும் இடம் இதுவே. 'கையோடு கொண்டுவருக' என்றோ 'உடனடியாகக் கொண்டுவருக' என்றோ எழுதினால் ஐயம் நீங்கும்.

3. இலக்கணிகள் கண்ட உடனிகழ்வு

ஒருசேர நிகழ்தல் என்னும் கருத்துக்கு இலக்கண மரபு தந்த பெயர் உடனிகழ்வு அல்லது உடனிகழ்ச்சி என்பதாகும். கருவி, கருத்தா, உடனிகழ்வு ஆகிய மூன்றையும் மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாக நன்னூல் கூறுகிறது. அவற்றுள் உடனிகழ்வுக்கு உரியவை ஒடு, ஓடு என்னும் உருபுகள். தெலுங்கு இலக்கண மரபில் மூன்றாம் வேற்றுமைக்குரிய சேதன், சேன், தோடன், தோன் என்னும் உருபுகளுள் பின்னிரண்டும் மேற்கூறிய 'தோடு' என்னும் துணைச்சொல்லினின்று கிளைத்தவை.

தொல்காப்பியம் இப்பொருளை மேலும் நுட்பமாகப் பகுக்கிறது. ஒடு கொண்டு இணைந்த இருபொருள்களும் ஒரே வினையைச் செய்வது ஒருவகை. அவற்றின் வினை வேறுபடுவது மற்றொரு வகை. 'ஆசிரியரோடு மாணவர் வந்தனர்' என்பதில் வருதல் இருவர்க்கும் பொது. 'பாறையோடு மோதியது படகு' என்பதில் மோதும் வினை படகினுடையது; பாறை அசையாமல் நின்றது. உருபு ஒன்றேயாயினும், முன்னதில்தான் இருவர் செயல் ஒருசேர நிகழ்கிறது.

ஒருவினைப் பொருளில் வரும் ஒடு உயர்ந்ததன் வழியே அமையும் என்று வேற்றுமை மயங்கியல் விதிக்கிறது. ஆசிரியர், மாணவர் என்னும் இருவருள் உயர்ந்தவராகிய ஆசிரியரே ஒடு உருபை ஏற்கிறார். பாணினியின் அட்டாத்தியாயி (2.3.19) சஹ என்னும் சொல்லோடு இயைந்த வழி, முதன்மையற்றது மூன்றாம் வேற்றுமை பெறும் என்கிறது. தந்தை மகனோடு வந்தார் எனும்போது வடமொழியில் மகன் என்னும் சொல்லே அவ்வேற்றுமையை ஏற்கும். இவ்விரு விதிகளும் முரண்படுவனபோலத் தோன்றினும் அவற்றின் அளவுகோல்கள் வேறு. பாணினி கருதுவது வினையோடு நேரே இயையும் எழுவாயின் முதன்மை. தொல்காப்பியர் கருதுவது பொருளின் உயர்வு. இன்றைய தமிழ் வழக்கு இவ்விதியைத் தளர்த்திவிட்டது. 'குழந்தையோடு தாய் வந்தாள்' என்பது இயல்பாக வழங்குகிறது. ஆயினும் இருமரபும் ஓர் உண்மையில் ஒன்றுபடுகின்றன. ஒடு அல்லது உடன் கொண்டு இணைக்கப்படுபவை சமநிலையில் நிற்பதில்லை. ஒன்று நிலைக்களன், மற்றொன்று அதனைச் சார்ந்து வருவது.

இவ்வேறுபாட்டைப் பிரபந்தம் ஓதும் முறையிலும் காணலாம். திவ்வியப் பிரபந்தம் பயிலும் 'சந்தை' முறையில் ஆசிரியர் ஓர் அடியை முதலில் சொல்ல, மாணாக்கர் அதனைப் பின்பற்றி இருமுறை சொல்வர். அவர்கள் ஆசிரியரோடு ஓதுகின்றனர். பயிற்சி முற்றியபின் கோட்டியில் அமர்ந்து அனைவரும் சேர்ந்து சேவிக்கும்போது முன்னும் பின்னும் இல்லை. அங்கே அவர்கள் ஒருங்கே ஓதுகின்றனர். முதல் நிலைக்கு உடன் என்னும் சொல்லும், இரண்டாம் நிலைக்கு ஒருங்கு என்னும் சொல்லும் பொருந்துவது இதனால் புலனாகும்.

4. ஒருங்கு: ஒருமையிலிருந்து முழுமை

ஒருங்கு என்பதன் அடி 'ஒரு' என்னும் எண்ணுப்பெயர். அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு என்றாற்போல ஒருங்கு–ஒருக்கு எனத் தன்வினையும் பிறவினையுமாக இஃது அமைகிறது. பலவாய்ச் சிதறியவை ஒன்றாதல் ஒருங்குதல், ஒன்றாக்குதல் ஒருக்குதல். மலையாளத்தில் 'ஒருங்ஙுக' என்பது ஆயத்தமாதலையும் 'ஒருக்குக' என்பது ஆயத்தப்படுத்துதலையும் குறிக்கும். வேண்டியவை ஓரிடத்துச் சேர்ந்த நிலையே ஆயத்தநிலை என்னும் எண்ணம் அங்கே பொருளை விரித்துள்ளது.

திருக்குறளில் இச்சொல் ஆளப்பட்டுள்ள இடங்கள் கருதத்தக்கவை. 343ஆம் குறளில் விரும்பியவற்றையெல்லாம் ஒருங்கு விடுதல் பேசப்படுகிறது. 760ஆம் குறளில் பொருளை மிக ஈட்டியவர்க்கு அறமும் இன்பமும் ஒருங்கு எளியவாகின்றன. 1056ஆம் குறளில் உள்ளதை ஒளிக்காதவரைக் கண்டால் வறுமைத் துன்பமெல்லாம் ஒருங்கு கெடுகின்றது. இம்மூன்றிலும் 'ஒரே காலத்தில்' என்பதோடு 'எச்சமின்றி' என்னும் குறிப்பும் உண்டு. 343, 1056 ஆகியவற்றில் 'எல்லாம்' என்னும் சொல் அருகே நிற்பதும் இதற்குச் சான்று.

733ஆம் குறள் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. நாட்டின் இயல்பைக் கூறும் அக்குறளில் ஒருங்கு இருமுறை வருகிறது. பிற நாடுகளின் சுமை ஒருங்கு வந்தபோதும் தாங்குதல் என்பது முதலாவது. அரசனுக்குரிய இறையை ஒருங்கு செலுத்துதல் என்பது இரண்டாவது. முன்னதில் பல சுமைகள் ஒரே காலத்தில் வந்து சேர்தல் மேலோங்கி நிற்கிறது. பின்னதில் இறைப்பொருளை முழுவதுமாகக் கொடுத்தல் மேலோங்கி நிற்கிறது. ஒரே சொல், ஒரே குறளில், காலவொருமையையும் தொகைமுழுமையையும் உணர்த்துகிறது. இவ்விரு பொருளையும் மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர் நீதிமன்ற மொழியை ஆராயும்போது இது மீண்டும் எழும்.

5. ஒக்க: ஒப்பிலிருந்து எல்லாமும்

ஒக்க என்பது 'ஒ' என்னும் வினையடியிற் பிறந்தது. ஒத்த, ஒப்பு, ஒப்புமை ஆகியவை இதன் உறவுச் சொற்கள். 'போல' என்னும் பொருளோடு 'சேர', 'எல்லாம்' என்னும் பொருள்களும் இதற்கு உண்டு. மலையாளத்தில் 'ஒக்கெ' என்றால் 'எல்லாம்' என்பதே பொருள்.

தெலுங்கில் 'ஒக்க' என்பது 'ஒரு' என்னும் எண்ணைக் குறிக்கும். 'ஒக்கடு' ஒருவன், 'ஒக்கட்டி' ஒன்று, 'ஒக்கசாரிகா' என்பது 'ஒரேயடியாக, திடீரென'. ஒலியால் ஒன்றாகவும் பொருளால் அண்மையனவாகவும் இருப்பதால் தமிழ் ஒக்கவும் தெலுங்கு ஒக்கவும் ஒரே சொல்லென மயங்க இடமுண்டு. பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருந்திய பதிப்பு 1984) முதலிய ஆய்வுகளின் வழியே நோக்கின், தெலுங்குச் சொல் 'ஒரு, ஒன்று' என்னும் எண்ணுப்பெயர்க் குடும்பத்தைச் சார்கிறது, தமிழ்ச்சொல் ஒத்தற்பொருளுடைய வினையைச் சார்கிறது. 'ஒக்க வந்தனர்' என்னும் பழந்தமிழ்த் தொடரைத் தெலுங்கறிவு கொண்டு 'ஒருவராக வந்தனர்' எனக் கொள்வது பிழையாகும்.

ஒருமையும் ஒப்பும் நெருங்கிய கருத்துகள் என்பதற்கு இன்றைய தமிழ் 'ஒரே' என்னும் சொல்லே சான்று. 'ஒரே மகன்' என்பதில் எண்ணையும், 'ஒரே நிறம்' என்பதில் ஒப்பையும் அது குறிக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இந்நெருக்கம் ஒரே வேரினுள் அடங்கியுள்ளது. 'ஒன்று' எனப் பொருள்படும் 'செம்' என்னும் மூல வேரினின்று இலத்தீனில் 'சிமுல்' (ஒருசேர), 'சிமிலிஸ்' (ஒத்த), 'செமெல்' (ஒருமுறை) ஆகிய மூன்றும் தோன்றின. வடமொழியின் சஹ, சம, சக்ருத் ஆகியவையும் அவ்வேரைச் சார்ந்தவை. அங்கே ஒரு வேர் ஆற்றும் பணியைத் தமிழில் ஒரு, ஒ என்னும் இரண்டு அடிகள் பகிர்ந்துகொள்கின்றன. கிரேக்க வழிவந்த 'சிங்க்ரனஸ்' என்னும் சொல், 'உடன்' எனப் பொருள்படும் முன்னொட்டையும் காலத்தைக் குறிக்கும் பெயரையும் சேர்த்து அமைந்தது. வடமொழி 'யுகபத்' என்பதன் அடியிலோ நுகத்தடி உள்ளது. ஒரு நுகத்தில் பூட்டிய இரு மாடுகள் பக்கம் பக்கமாகச் செல்வதே அச்சொல் காட்டும் காட்சி. வைசேடிகர் இச்சொல்லாற் குறிக்கப்படும் உணர்வைக் காலம் என்னும் பொருள் உண்டென்பதற்கு அடையாளமாகக் கொண்டனர். நையாயிகரோ அறிவுகள் யுகபத்தாகத் தோன்றாமையே மனம் உண்டென்பதற்கு அடையாளம் என்றனர்.

6. ஏககாலம்: சொல்லும் தண்டனையும்

காலத்தை வெளிப்படையாகக் கூறும் சொல் 'ஏககாலம்'. தமிழ் நாளிதழ்கள் 'தண்டனையை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்றும், தெலுங்கு நாளிதழ்கள் 'ஏககாலம்லோ' என்றும் எழுதுவது வழக்கம். இதனைத் தனித்தமிழாக்கும் விருப்பத்தால் 'ஒருங்கே அனுபவிக்க வேண்டும்' என மாற்றினால் விளைவது யாது?

ஒருவர்க்கு ஒரே வழக்கில் இரு குற்றங்களுக்காக ஏழாண்டும் ஐந்தாண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்படுவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே காலத்தில் ஓடுமாயின் ஏழாண்டு. ஒன்றன்பின் ஒன்றாக ஓடுமாயின் பன்னிரண்டாண்டு. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 31ஆம் பிரிவில், நீதிமன்றம் வேறுவகையாக ஆணையிட்டாலன்றித் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும் என்றது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 25ஆம் பிரிவு, குற்றத்தின் கடுமையைக் கருதி இவ்விரண்டில் எதுவென நீதிமன்றமே ஆணையிட வேண்டும் என்கிறது. ஆகவே ஆணையில் அமையும் அவ்வொரு சொல்லில் ஐந்தாண்டுகள் தொங்குகின்றன.

733ஆம் குறளில் கண்டவாறு ஒருங்கு என்பதற்குக் காலவொருமை, தொகைமுழுமை என இரு பொருள் உண்டு. 'தண்டனைகளை ஒருங்கே அனுபவிக்க வேண்டும்' என்பதை ஒருவர் 'ஒரே காலத்தில்' எனவும், மற்றொருவர் 'எச்சமின்றி முழுவதும்' எனவும் கொள்ள இயலும். முன்னவர்க்கு ஏழு, பின்னவர்க்குப் பன்னிரண்டு. உடன் என்னும் சொல்லை ஆண்டால் 'உடனே தொடங்குக' என்னும் பொருளும் புகும். எனவே இவ்விடத்தில் காலத்தைப் பெயர்சொல்லிச் சுட்டுதல் கட்டாயமாகிறது. 'ஏககாலத்தில்' என்பதோ, தமிழ்ச்சொல்லே வேண்டின் 'ஒரே காலத்தில்' என்பதோதான் ஏற்றது.

மொழிபெயர்ப்புத் தொழிலின் கலைச்சொல் ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1945–46இல் நியூரம்பர்க் வழக்கு விசாரணையில் பெருமளவில் கையாளப்பட்டதும், 1964 முதல் நம் மக்களவையில் நடைமுறையில் உள்ளதுமான வாய்மொழிபெயர்ப்பு முறையை 'உடனுக்குடன் மொழிபெயர்த்தல்' என வழங்குகிறோம். இம்முறையில் பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே பெயர்ப்பாளரும் பேசுகிறார். பேச்சாளர் நிறுத்தியபின் பெயர்ப்பாளர் பேசும் முறையும் உண்டு. அவரும் தாமதிப்பதில்லையாதலின் அதனையும் 'உடனுக்குடன்' என்றே கூறலாம். இச்சொல் விரைவை உணர்த்துகிறதேயன்றி இருவகையையும் வேறுபடுத்தவில்லை. முன்னதை 'உடனிகழ் மொழிபெயர்ப்பு' என்றும் பின்னதைத் 'தொடர்நிலை மொழிபெயர்ப்பு' என்றும் வழங்கின் வேறுபாடு தெளிவாகும். உடனிகழ் என்பதற்கு மற்றொரு தகுதியும் உண்டு. பேச்சாளர் நிலைக்களனாக நிற்க, பெயர்ப்பாளர் அவரைச் சார்ந்து செல்கிறார். இருவரும் சேர்ந்து பேசினும் சமநிலையில் பேசுவதில்லை. தொல்காப்பியர் ஒடு உருபில் கண்ட உறவு இதுவே.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். உடன் என்பது துணைமையிற் பிறந்து விரைவை எய்தியது. சார்பவரும் சாரப்படுபவரும் உள்ள இடத்திற்கு உரியது. ஒருங்கு என்பது ஒருமையிற் பிறந்து முழுமையைத் தழுவியது. சமமானவை எச்சமின்றிச் சேரும் இடத்திற்கு உரியது. ஒக்க என்பது ஒப்பிற் பிறந்து 'எல்லாம்' என விரிந்தது. தெலுங்கு ஒக்கவோடு மயங்கத்தக்கதன்று. காலத்தை ஐயமின்றிக் கூற வேண்டிய இடத்தில் காலம், நேரம் என்னும் பெயர்களே துணை.

விஜயபுரத்து அறிவிப்புப் பலகையில் ஒரு பிழை நேர்ந்தால் ஒருவர் மறுநாள் மீண்டும் அலுவலகம் வர நேரிடும். தண்டனை ஆணையில் அதே வகைப் பிழை நேர்ந்தால் இழப்பு ஆண்டுக்கணக்கில் அமையும். அகராதியில் இச்சொற்கள் ஒன்றற்கொன்று பொருளாகத் தரப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் அவை புறப்பட்ட இடங்கள் வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர் மறவாதிருத்தல் வேண்டும்.